வாடகை கடனைக் கட்டாது

புலம்பெயர்ந்த தமிழரிடையே ஒரு வாசகம் சில காலமாக வேதவாக்காக உலவி வருகிறது. "நீங்கள் வீட்டை வாங்குங்கள், வாடகை கடனைக் கட்டிக்கொள்ளும்" என்பதே அந்த வாசகம். ரொறன்ரோவில் விருந்து மண்டபங்களில் நடக்கும் முதலீட்டுக் கருத்தரங்குகளில் அது ஒலிக்கிறது. இலண்டனில் திருவிழா மலர்களின் விளம்பரப் பக்கங்களில் அச்சாகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் விற்பனைப் பிரசுரங்களும் அதையே வேறு சொற்களில் கூறுகின்றன. வாடகை வீட்டு முதலீட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்குக் கிடைக்கும் முதற்பாடம் இதுதான். பெரும்பாலானோருக்கு ஒரே பாடமும் இதுதான்.

அந்தப் பாடம் தவறானது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரே கடனைக் கட்டுகிறார். வாடகை அவருக்கு உதவலாம்; உதவாமலும் போகலாம். வாடகைக்காரர் தவணை தவறினாலும், வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும், குளியலறைக் குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக் கூரை நனைந்தாலும், வங்கி முதலாந் திகதி தன் பணத்தை எடுத்தே தீரும். இந்தச் சாதாரண உண்மையை மறைத்துவிட்டு முதலீட்டுக் கல்வி என்ற பெயரில் எதைப் போதித்தாலும் அது விற்பனையேயன்றிக் கல்வி ஆகாது.

போதிப்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தரகருக்கு ஊதியம் கிடைப்பது வீடு கைமாறும் நாளில். கடன் முகவருக்குக் கிடைப்பது கடன் கையெழுத்தாகும் நாளில். கட்டட நிறுவனத்துக்கோ அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே முற்பணம் கிடைத்துவிடுகிறது. ஐந்தாண்டுக்குப் பின் அந்த வீடு இலாபம் தருகிறதா, நட்டம் தருகிறதா என்பதில் இம்மூவருக்கும் எந்தப் பங்கும் இல்லை. தரகர்கள் எல்லோரும் தீயவர்கள் என்பதன்று என் வாதம். நேர்மையாகத் தொழில் செய்வோர் பலர் உண்டு. ஆனால் வாங்கினாற்போதும் என்ற நிலையில் இருப்பவரிடம், வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கப் போவது நம்முடைய பேதைமை.

நாம் ஏன் இவ்வளவு எளிதில் வசப்படுகிறோம்? விடை நம் பண்பாட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழனின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. பெற்றோர் வழி வந்தது, மகளுக்குக் கொடுத்தது, இல்லறத்தில் தேடிக்கொண்டது என்ற இந்த வகுப்பு எதுவுமே வீடு என்ன வருமானம் தருகிறது என்று கேட்பதில்லை. காணியும் வீடும் கைவிட்டுப் போகக்கூடாதவை; அவற்றுக்குக் கணக்குப் பார்ப்பது அற்பத்தனம் என்ற மனநிலை நமக்கு ஊறிப்போனது. குடியிருக்கும் வீட்டுக்கு அம்மனநிலை பொருந்தலாம். வாடகைக்கு விடுவதற்கென்றே கடன்பட்டு வாங்கும் வீட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வாடகை வீடு ஒரு கடை. கடைக்கு வரவு செலவுப் புத்தகம் வேண்டும். சந்தியில் பலசரக்குக் கடை போடுபவர்கூட எத்தனை மூடை அரிசி விற்றால் வாடகை தேறும் என்று கணக்கிடுகிறார். ஆறரை இலட்சம் டொலருக்கு வீடு வாங்குபவர் ஒரு கடிதவுறையின் பின்புறத்தில்கூடக் கணக்கெழுதுவதில்லை.

ஆகவே ஒரு கணக்கை எழுதிப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கணக்கிடும் முறைதான் முக்கியம். ரொறன்ரோவில் ஒரு கொண்டோவின் விலை 650,000 டொலர் என்க. தாம் குடியிருக்காத வீட்டை முதலீடாக வாங்குவோர் கனடாவில் குறைந்தது 20 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். அது 130,000 டொலர். மிகுதி 520,000 டொலரை 25 ஆண்டுகளில் கட்டித் தீர்ப்பதாக 5 சதவீத வட்டிக்குக் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,024 டொலர். கட்டடப் பராமரிப்புக் கட்டணம் 500, நகரசபையின் சொத்து வரி 250, காப்புறுதி 50 என்று வைத்தால் மாதச் செலவு 3,824 டொலர். வாடகை 2,500 டொலர் என்றால் மாதந்தோறும் 1,324 டொலரை உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்து போட வேண்டும்.

"தவணையில் ஒரு பகுதி முதலைக் குறைக்கிறதே, அது சேமிப்பல்லவா?" என்று கருத்தரங்குக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. முதல் மாதத் தவணையில் ஏறத்தாழ 880 டொலர் முதலுக்குப் போகிறது. அதைக் கழித்தாலும் மாதம் 444 டொலர் திரும்பி வராத நட்டம். வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் மேலும் 2,500 டொலர் இல்லை. முதலில் போட்ட 130,000 டொலர் வேறெங்கும் வட்டி ஈட்டாமல் முடங்கிக் கிடப்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. வட்டி 2 சதவீதமாக இருந்திருந்தால் தவணை ஏறத்தாழ 2,202 டொலர். அப்போதும் மொத்தச் செலவு 3,002 டொலர். வாடகை அதற்கும் போதாது.

வட்டி ஏறுமென்று யாருக்குத் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். எந்த ஆண்டில் ஏறும் என்பது தெரியாதுதான். ஏறக்கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கனேடிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்தது. 2023 யூலையில் அது 5 சதவீதம். இங்கிலாந்து வங்கியின் வட்டி 2021 டிசெம்பர் நடுப்பகுதி வரை 0.1 சதவீதம், 2023 ஓகஸ்டில் 5.25 சதவீதம். கனடாவில் வீட்டுக் கடன் 25 ஆண்டுக்கானது என்றாலும் வட்டி வீதம் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு மட்டுமே நிலையானது. ஐந்தாண்டு முடிந்ததும் அன்றைய வீதத்தில் புதுப்பிக்க வேண்டும். மாறும் வட்டியில் வாங்கியோர் ஐந்தாண்டு காத்திருக்கவும் தேவைப்படவில்லை. சம்பளம் இரண்டு, வேலை மூன்று என்று உழைத்த குடும்பங்கள் அந்தப் பதினாறு மாதங்களில் பட்ட பாட்டை ஸ்காபரோவில் யாரிடமும் கேட்டறியலாம்.

கட்டி முடியாத கொண்டோக்களை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தோரின் கதை இன்னும் கொடிது. ரொறன்ரோப் பகுதியின் வீட்டு விலை 2022 இன் முற்பகுதியில் உச்சம் தொட்டுப் பின் இறங்கியது. உச்ச விலையில் ஒப்பந்தம் எழுதியவர் கட்டடம் முடிந்து சாவி வாங்கப் போகும்போது வங்கி அன்றைய மதிப்பீட்டின்படியே கடன் தருகிறது. ஏழு இலட்சத்துக்கு ஒப்பந்தமான வீடு ஐந்தரை இலட்சமென மதிப்பிடப்பட்டால் இடைவெளியை வாங்குபவரே ரொக்கமாக நிரப்ப வேண்டும். விலகிக்கொள்ள எண்ணினால் முற்பணம் போவதுடன் கட்டட நிறுவனம் நட்டஈடு கேட்டு வழக்கும் தொடரலாம். கருத்தரங்கில் தேநீரும் வடையும் தந்தவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார்.

இலண்டனில் குழி வேறு வடிவில் வெட்டப்பட்டிருக்கிறது. முன்பு வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டியைக் கழித்துவிட்டு மிகுதிக்கே வரி கட்டினார்கள். 2015 இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் கழிவை 2017 ஏப்ரல் முதல் படிப்படியாகக் குறைத்து, 2020 ஏப்ரலில் முற்றாக நீக்கியது. பதிலாக வட்டியின் 20 சதவீதமே வரிக்கழிவாகக் கிடைத்தது. ஆண்டு வாடகை 18,000 பவுண், கடன் வட்டி 12,000 பவுண், உரிமையாளர் 40 சதவீத வரிப்படியில் இருப்பவர் என்க. பழைய முறையில் மிகுதி 6,000 பவுணுக்கு வரி 2,400. புதிய முறையில் 18,000 பவுணுக்கு வரி 7,200. அதில் 2,400 கழிந்து 4,800 பவுண். கையில் எஞ்சுவது 1,200 பவுண். கொதிகலன் ஒருமுறை பழுதானால் அதுவும் இல்லை. இந்தச் சட்டத்தை அறியாமல் 2018 இலும் 2019 இலும் வீடு வாங்கிய நம்மவர் எத்தனை பேர்! சட்டம் இரகசியமாக வைக்கப்படவில்லை. விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அப்படியானால் ஊரில் வாங்குகிறோம், வெள்ளவத்தையில் விலை ஒருபோதும் இறங்காது" என்பது அடுத்த வாதம். அதையும் கணக்குக்கு உட்படுத்துவோம். ஐந்து கோடி ரூபாவுக்கு ஒரு தொடர்மாடி வீடு. மாத வாடகை 175,000 ரூபா என்க. ஆண்டுக்கு 21 இலட்சம்; போட்ட பணத்தில் 4.2 சதவீதம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 20,000 வீதம் 2 இலட்சத்து 40 ஆயிரம், ஒரு மாதம் வெறுமை 1 இலட்சத்து 75 ஆயிரம், வர்ணம் பூச்சும் திருத்தமும் 1 இலட்சம் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 15 இலட்சத்து 85 ஆயிரம். அதாவது 3.2 சதவீதத்துக்கும் குறைவு. சோலைவரியும் வருமான வரியும் இனித்தான். 2025 இல் ஓராண்டுத் திறைசேரி உண்டியல் ஏறத்தாழ 8 சதவீதம் தந்தது. அதற்கு வர்ணம் பூச வேண்டியதில்லை. வீட்டு விலை உயர்ந்து இவ்வேறுபாட்டை ஈடுசெய்யலாம் என்பது உண்மையே. ஆனால் அப்போது நீங்கள் வாடகையை நம்பவில்லை, விலையேற்றத்தை நம்புகிறீர்கள். இரண்டும் வெவ்வேறு பந்தயங்கள். எதில் பணம் கட்டுகிறோம் என்றாவது தெரிந்து கட்ட வேண்டும்.

வெளிநாட்டில் உழைப்பவருக்கு நாணயத்தின் வீழ்ச்சியும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. ரூபாவில் வாடகை வாங்கியவரின் வருமானம் டொலர்க் கணக்கில் இரண்டே மாதங்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். அவ்வேளையில் கொழும்பில் வங்கிக் கடனோடு வாடகை வீடு வைத்திருந்தவர் பட்ட துன்பத்தை எந்த விற்பனைப் பிரசுரமும் அச்சிடவில்லை.

உறுதியின் சிக்கல் அதைவிடப் பெரிது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றோர் இலங்கையில் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தொடர்மாடிகளுக்கு நிபந்தனையுடன் விலக்குண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளோர் அக்கட்டுப்பாட்டுக்கு உட்படுவதில்லை. இதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிவதற்குப் பதிலாகத் தம்பியின் பெயரிலோ மைத்துனரின் பெயரிலோ உறுதி எழுதுவோர் பலர். தம்பி நல்லவராகவே இருக்கலாம். தம்பி இறந்தபின் அவருடைய வாரிசுகளும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று எந்த நொத்தாரிசும் உறுதி எழுதித் தரமாட்டார். கட்டடத்துக்கு மாநகரசபையின் இணக்கச் சான்றிதழ் உண்டா, கூட்டாதனத் திட்டப்படம் பதிவாகியுள்ளதா, அனுமதிக்கப்பட்ட மாடிகளுக்கு மேல் எழும்பிய மாடியிலா நம் வீடு இருக்கிறது என்பவை காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை. காசு கொடுத்தபின் கேட்டால் அது வழக்காகிவிடும்.

இவ்வளவையும் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். "தொண்ணூறுகளில் வாங்கியவர்கள் இன்று கோடீசுவரர்களாக இருக்கிறார்களே?" ஆம், இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பையும் துணிவையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வாங்கிய காலத்தில் வீட்டு விலை வருமானத்தோடு ஒட்டியிருந்தது. பின் வந்த முப்பதாண்டுகளின் பெரும்பகுதியில் மேலைநாடுகளில் வட்டி இறங்கிக்கொண்டே போனது. வட்டி இறங்க இறங்க விலை ஏறியது. அந்த ஏணியில் ஏறியவர் அதே ஏணி எப்போதும் அங்கே நிற்கும் என்று சொன்னால் நம்பலாகாது. மேலும், வென்றவர் மேடையில் பேசுகிறார். வங்கிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வேறு நகரத்துக்குப் போனவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினேன். இந்தக் கருத்தரங்குகளில் ஒருமுறைகூட மனிதராகத் தோன்றாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் வாடகைக்காரர். கணக்குத்தாளில் அவர் ஒரு தொகை மட்டுமே. ஆனால் வாடகை வீட்டுத் தொழிலின் அடிப்படை அவரே. அவருக்கு உரிமைகள் உண்டு. அவற்றை அறியாதவர் வீட்டு உரிமையாளராகத் தகுதியற்றவர்.

கொழும்பில் ஆறு மாதம், ஓராண்டு வாடகையை முற்பணமாக வாங்கிப் பழகிய நம்மவர் ஒன்ராறியோவில் அதே வழக்கத்தைத் தொடர்ந்தால் சட்டத்தை மீறுகிறார். அங்கே 2006 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்புக் கேட்க முடியாது. சேதத்துக்கென்று தனி வைப்பும் வாங்க முடியாது. அவசரம் தவிர்ந்த வேளைகளில் வீட்டுக்குள் நுழைய 24 மணி நேர எழுத்துமூல அறிவித்தல் வேண்டும். 2018 நவம்பர் 15 க்கு முன் குடிபுகுந்த வீடுகளுக்கு அரசு அறிவிக்கும் வீதத்துக்கு மேல் வாடகையை உயர்த்த மாகாணத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த வீதம் 2.5 சதவீதமே. இங்கிலாந்திலோ காரணம் கூறாமல் வெளியேற்றும் நடைமுறையை 2026 மே 1 முதல் ஒழிக்கும் சட்டம் 2025 ஒக்டோபரில் அரச ஒப்புதல் பெற்றது. "என் வீடு, நான் எப்போதும் எழுப்புவேன்" என்ற பேச்சு அங்கே செல்லாது. இலங்கையிலும் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரைப் பாதுகாத்த வரலாறு நீண்டது. பழைய கொழும்பு வீடுகளில் வழக்குகள் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சென்றதைப் பத்திரிகைத் துறையில் இருந்தோர் நன்கறிவர்.

இச்சட்டங்களை இடையூறு என்று சபிப்போர், நாம் யாராக இருந்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவுக்கு அகதியாகச் சென்றோரில் எத்தனையோ பேரின் புதுவாழ்வு யாரோ ஒருவரின் பேஸ்மென்றில் தொடங்கியது. கொழும்பில் போர்க்காலம் முழுவதும் பொலிஸ் பதிவுத் துண்டுடன் அறை தேடி அலைந்தவர்கள் நாம். 2007 யூன் 7 ஆந் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு வழங்க வேண்டியிருந்தது. குடியிருக்கும் இடத்தில் உரிமை இல்லாதிருப்பது எப்படிப்பட்டது என்பதை நம்மைவிட அறிந்தவர் எவர்?

அப்படிப்பட்ட நாமே இன்று வீடு கேட்டு வருபவரிடம் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறோம். கேள்வி ஊரைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது என்பது கேட்பவருக்கும் தெரியும். பதில் சொல்பவருக்கும் தெரியும். மலையகத்தவர் என்றால் தயக்கம், முஸ்லிம் என்றால் "வீடு போய்விட்டது." இந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றிக் கனடாவுக்கும் கொண்டு போயிருக்கிறோம். ஒன்ராறியோவின் மனித உரிமைக் கோவை வாடகைக் குடியிருப்பில் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்கிறது. சட்டம் தடுப்பதால் மட்டுமன்றி, மானமுள்ளவர் செய்யத் தகாதது என்பதாலும் இதைக் கைவிட வேண்டும்.

ஆகவே தொடங்க எண்ணுவோருக்கு என் பரிந்துரை எளியது. வீடு பார்க்கப் போகுமுன் கணக்குப் பாருங்கள். ஆண்டு வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு அன்றிப் பதினொரு மாதத்துக்கே கணக்கிடுங்கள். பராமரிப்பு, வரி, காப்புறுதி, திருத்தம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதை விலையால் வகுத்துப் பாருங்கள். அந்த வீதம் கடன் வட்டி வீதத்தைவிடக் குறைவென்றால் கடன் உங்களை வளர்க்கவில்லை, தின்கிறது. வட்டி மேலும் மூன்று சதவீதம் ஏறினால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்று பாருங்கள். ஆறு மாதத் தவணையாவது தனியே கையில் இல்லையென்றால் வாங்காதீர்கள். விற்பவரின் சட்டத்தரணியை அன்றி உங்கள் சட்டத்தரணியை அமர்த்துங்கள். வரிக் கணக்காளரிடம் வாங்குமுன் போங்கள். வாங்கியபின் போனால் அவர் அனுதாபம் மட்டுமே தெரிவிப்பார். அந்த ஊரின் வாடகைச் சட்டத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

இத்தனைக்கும் பின் கணக்குச் சரியாக வந்தால் வாங்குங்கள். வாடகைக்கு விடுவது பாவம் அன்று. நல்ல வீட்டை நியாயமான வாடகைக்குக் கொடுப்பவர் ஊருக்கு உதவுகிறார். கணக்குச் சரியாக வராவிட்டால் வாங்காமல் இருங்கள். சீட்டுப் பிடித்து, நகையை ஈடுவைத்து, பிள்ளையின் படிப்புக்கென வைத்த பணத்தை எடுத்து, அயலவர் வாங்கிவிட்டார் என்பதற்காக வீடு வாங்க வேண்டிய கட்டாயம் எந்தத் தமிழனுக்கும் இல்லை.